ஆறு இஞ்ச் குட்டையான ஸ்க்ரீன்

தம்பி, மூன்று நாளாக உனக்குப் போன் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் வருகிறது. எந்தக் கம்பெனியும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு வேளையில் மீட்டிங் வைக்காது என்பது தாம்பரத்தில் ஜன்னல் ஸ்க்ரீன் துணி விற்கிறவளுக்கும் தெரியும். பேச இஷ்டமில்லாத ஆளை நிறுத்தி வைத்துப் பேசினால் காரியம் கெடும் என்று இருபது வருஷம் கடையில் நின்று கற்றிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் மடித்து வைக்கலாம், குறுக்கே பேச முடியாது. அது எனக்குச் சௌகரியம்.

பியூலா பல்லாவரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். உங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு மாதம்தான் ஆகிறது. "அவளா போனா, அவளே வரட்டும்" என்று நீ உன் அப்பாவிடம் சொன்னாயாம். அவர் என்னிடம் சொன்னார். அவள் எதற்காகப் போனாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயோ, அது காரணமில்லை. அந்தத் தப்பில் பெரிய பங்கு என்னுடையது. அதைச் சொல்லாமல் விட்டால் இது பத்தொன்பது நாளோடு நிற்காது என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் உனக்குக் கோபம்தான் வரும், விஷயம் இறங்காது. முதலில் ஒரு சினிமாக் கதை சொல்கிறேன். பொறுமையாகப் படி.

எனக்கும் உன் அப்பாவுக்கும் கல்யாணம் ஆன புதிதில் அவர் என்னை ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கூட்டிப்போனார். அப்போதே அது பழைய படம். ஒரு வாரத்துக்கு மட்டும் மறுபடி போட்டிருந்தார்கள். கதை இதுதான். புதிதாகக் கல்யாணமான ஜோடி. ஒரு நாள் காலையில் வீட்டு வராந்தாவில் ஒரு தகரப் பெட்டி, கயிறு கட்டித் தயாராக இருக்கிறது. மனைவி அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள் போல என்று கணவன் நினைத்துக்கொள்கிறான். தன்னை அனுப்பி வைக்கத்தான் அவன் பெட்டி கட்டிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் கேட்பதில்லை. அவன் அன்றைக்கு என்றைக்கும் இல்லாமல் மரியாதையாக நடந்துகொள்கிறான். வழியனுப்புகிற மரியாதை இது என்று அவள் அழுகிறாள். அவள் அவனுக்குப் பிடித்த சமையலாகச் சமைத்து வைக்கிறாள். கடைசிச் சாப்பாடு என்று அவன் பாதியில் எழுந்துவிடுகிறான். இப்படியே இரண்டரை மணி நேரம். கடைசியில் ஒருவரை ஒருவர் வழியனுப்ப இரண்டு பேரும் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறார்கள். கூலிக்காரன் பெட்டியை ஏற்றிவிடுகிறான். ரயில் கிளம்பிப் போகிறது. பிளாட்பாரத்தில் இரண்டு பேரும் நிற்கிறார்கள், பெட்டி மட்டும் ஊருக்குப் போகிறது. அப்போதுதான் மாடியில் குடியிருக்கிறவர் மூச்சு வாங்க ஓடி வந்து, "என் பெட்டி எங்கேய்யா?" என்கிறார்.

உன் அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வெளியே வந்து, "இது யார் பெட்டின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா படம் கால் மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். டிக்கெட் வாங்கிட்டு வந்து உட்கார்ந்தவங்களை இப்படியா ஏமாத்துறது?" என்றேன். "கேக்கிறது அவ்வளவு சுலபமா?" என்றார் அவர். "இதுல என்ன கஷ்டம்?" என்றேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் வேலை முடியும் என்று உலகத்தை அவ்வளவு நேராக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கடை வைத்தேன். அந்தக் கதையெல்லாம் உனக்குத் தெரியும். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம் வீட்டிலேயே தலையணை உறை தைத்து விற்க ஆரம்பித்து, மேற்குத் தாம்பரத்தில் எட்டடிக்குப் பத்தடியில் ஒரு கடை பிடித்து, இன்று மேடவாக்கம், முடிச்சூர் என்று புது ஃப்ளாட் எங்கே கட்டினாலும் ஜன்னலுக்கு அளவெடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். டாக்டருக்கு அடுத்தபடியாக மனிதர்களின் படுக்கையறை வரைக்கும் போகிறவள் ஸ்க்ரீன்காரிதான். எத்தனையோ ஜோடிகளைப் பார்த்துவிட்டேன். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியும். கணவன், மனைவி இரண்டு பேரும் துணியைத் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் கத்திரி வைக்க மாட்டேன். அனுபவப்பட்டு வந்த புத்தி அது.

மேடவாக்கத்தில் ஒரு ஜோடி. அந்தப் பெண் தனியாக என்னிடம், "எனக்கு இந்த மஞ்சள்தான் ஆன்ட்டி பிடிச்சிருக்கு, ஆனா அவருக்கு பிரவுன் கலர்னா உயிர். பிரவுனே போட்டுடுங்க" என்றாள். அவள் காபி போட உள்ளே போனதும் அந்தப் பையன் மெதுவாக, "எனக்கு அந்த மஞ்சள் பிடிச்சிருக்குங்க. ஆனா அவ பிரவுனைத்தான் கையிலயே வெச்சிருக்கா, விடுங்க" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயை மூடிக்கொண்டு பிரவுன் துணியைத் தைத்துக் கொடுத்தேன். பிரவுன் கடையில் நிறைய தேங்கிக் கிடந்தது. இரண்டு பேருக்கும் பிடிக்காத ஸ்க்ரீனை ஒருவருக்கொருவர் அன்பு என்று நினைத்து அந்த வீட்டில் மாட்டினார்கள். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வியாபாரம் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துத் துணி காட்டுகிற வழக்கம் வந்தது.

ஊருக்கெல்லாம் இப்படி வழக்கம் வைத்தவள் சொந்த வீட்டில் என்ன செய்தாள் என்று கேள். உன் அப்பா பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் கடைக்கு வருவார். வெள்ளைச் சட்டையும் கையில் பரீட்சைத் தாளுமாக ஓர் ஓரத்தில் நிற்பார். நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு நாளில் இருந்து வருவதை நிறுத்திவிட்டார். எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. அதாவது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். வாத்தியாருக்குத் தன் மனைவி கடையில் நின்று கூவி விற்பது வெட்கமாக இருக்கிறது, பிள்ளைகளின் பெற்றோர் பார்க்கிறார்கள், அதனால் வருவதில்லை. அப்படி முடிவு கட்டி, அவர் மேல் ஒரு கசப்பை வைத்துக்கொண்டேன். பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பேன். கேட்டேனா? கேட்கவில்லை. எட்டு வருஷம்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டு உட்கார்ந்தோம். டிவியில் அதே பெட்டிப் படம். உன் அப்பா பழையபடி சிரித்தார். மனைவி ராத்திரிச் சாப்பாடு பரிமாறுகிற கட்டம் வந்தது. சிரிப்பை நிறுத்தினார். டிவியைப் பார்த்தபடியே, "நான் கடையில வந்து நின்னா உனக்குத் தொந்தரவா இருந்துச்சா?" என்றார்.

"என்ன பேச்சு இது? யார் சொன்னா?"

"நீதான். ஒரு அம்மா என்னைக் காட்டி, கூட வந்தவங்ககிட்ட, சார்கிட்ட கேளுங்க, குறைச்சுத் தருவார்னு சொன்னாங்க. நீ 'அவர் சும்மா நிக்கிறாரு, நீங்க துணியைப் பாருங்க'ன்னே."

எனக்கு அந்த அம்மாவும் ஞாபகமில்லை, அந்த வார்த்தையும் ஞாபகமில்லை. விலை குறைக்கச் சொல்லி உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டால் அவர் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவார் என்று அவசரத்தில் சொல்லியிருப்பேன். அவர் மனதில் அது, 'இந்த ஆள் இங்கே எதற்கும் உதவாமல் நிற்கிறார்' என்று இறங்கியிருக்கிறது. "அதுக்காகவா எட்டு வருஷம் வரலை? நான் கடை வெச்சதுக்கு வெட்கப்பட்டு வரலைன்னு நினைச்சேன்" என்றேன். அவர் டிவியை அணைத்தார். "வெட்கமா? ஸ்டாஃப் ரூம்ல உன் கடையைப் பத்தித்தான் பேசுவேன், எல்லாரும் எழுந்து போயிடுவாங்க" என்றார். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் படத்தின் முடிவைப் பார்க்கத் தோன்றவில்லை. மறுநாள் சாயங்காலம் கடைக்கு வந்து நின்றார். இப்போதும் வருகிறார், இப்போதும் சும்மாதான் நிற்கிறார். எனக்கு அது வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பட்ட பிறகும் நான் உனக்குச் செய்தது என்ன என்பதை இப்போது சொல்கிறேன். போன மாதம் நீ, "பால்கனி பக்கம் வெயில் அடிக்குதும்மா, ஒரு ஸ்க்ரீன் போடணும்" என்றாய். நான் வந்து அளவெடுத்தேன், தைத்தேன், ஆளை அனுப்பி மாட்டினேன். பியூலா போன் செய்து, "சூப்பரா இருக்கு அத்தை, வீடே குளுகுளுன்னு ஆயிடுச்சு" என்றாள். அடுத்த வாரம், திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும்போது பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு பார்சலை நீட்டினார். "நேத்து உங்க மருமக வந்தாங்க. கடை மூடியிருந்துச்சு. ஸ்க்ரீனைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க" என்றார். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் என் கடையிலிருந்து போன ஸ்க்ரீன் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. பார்சலைப் பிரிக்காமல் மேல் அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டு உனக்குப் போன் செய்தேன். "உன் பொண்டாட்டிக்கு நம்ம கடைத் துணி ஆகாதாம். திருப்பி அனுப்பிட்டா" என்றேன். தம்பி, அந்த 'ஆகாதாம்' நான் போட்டது. யாரும் சொல்லாத வார்த்தை. அன்றைக்குச் சாயங்காலம் நீ வீட்டுக்குப் போய் என்ன கத்தினாயோ எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அவள் பல்லாவரம் போய்விட்டாள்.

போன சனிக்கிழமை நம் டெய்லர் மஸ்தான் பாய் லைனிங் துணி தேடி மேல் அலமாரியைக் கிளறினார். "இன்னாக்கா இது, எத்தினி நாளா இங்கியே கீது?"

"அது இருக்கட்டும் பாய், விடுங்க."

"நான் தெச்ச துணி மாறி கீதே?" என்று கேட்டபடியே பிரித்துவிட்டார். பிரித்தவர் கீழ் மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "யார்க்கா இது பின்னு குத்தினது? டெய்லர் வூட்டுப் பொண்ணா? சும்மா நூல் புடிச்ச மாறி குத்திக்கீது!" என்றார். கீழ் மடிப்பை ஒரே சீராகப் பிரித்து, எது வரைக்கும் இறக்க வேண்டுமோ அங்கே வரிசையாகக் குண்டூசி குத்தியிருந்தது. ஒரு சீட்டும் இருந்தது. என்னால் படிக்க முடியவில்லை, பாய்தான் எழுத்துக் கூட்டிப் படித்தார். "அத்தை, அடியில் ஆறு இஞ்ச் குறைகிறது. மடிப்பைப் பிரித்தால் வந்துவிடும் என்று நினைக்கிறேன். அவசரம் இல்லை. வேறு யாரிடமும் கொடுக்க மனசில்லை. அடுத்த ஞாயிறு வஞ்சிரம் வாங்கி வருகிறேன், நீங்கள் குழம்பு வையுங்கள்."

"உங்க அளவு தப்பாச்சுன்னு சொல்லக்கூடாதுன்னு எவ்ளோ நாசூக்கா எழுதிக்கீது பாரு அந்தப் பொண்ணு" என்றார் பாய். "நீங்க இதப் போயி பேஜார் பண்ணிட்டீங்களேக்கா!"

அளவு எப்படித் தப்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமாக எனக்கு டேப்பில் எண் சரியாகத் தெரிவதில்லை. நடுவில் புகை அடித்த மாதிரி இருக்கிறது. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. கண் போன ஸ்க்ரீன்காரியை யார் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று பயம். எல்லா ஃப்ளாட்டிலும் பால்கனிக் கதவு ஏழடிதானே என்று டேப்பைச் சும்மா பிடித்துவிட்டுப் பழக்கத்தில் எழுதி வந்தேன். உன் வீட்டில் ஸ்க்ரீன் தொங்குகிற ராடு கதவுக்கு அரை அடி மேலே இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தில் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யோசித்திருப்பாய். இதனால்தான்.

அன்றைக்கே பஸ் ஏறிப் பல்லாவரம் போனேன். பியூலா கேட்டைத் திறந்தாள். "வாங்க அத்தை" என்றாள். உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதைதான் என்னவோ செய்தது. "ஆறு இஞ்ச் குறையுதுன்னு சொன்னது அவ்வளவு பெரிய தப்பா அத்தை? நான் கணக்கு டீச்சர், அளவு தப்புன்னு தெரிஞ்சும் சும்மா இருக்க முடியலை. நீங்க அதை அவர்கிட்ட சொல்லி, அவர் என்னை 'எங்கம்மாவை அவமானப்படுத்துறியா'ன்னு கேட்டார். சீட்டைப் படிச்சுட்டுமா இப்படிப் பேசுறாங்கன்னு நினைச்சேன்" என்றாள். பார், அவள் கணக்கு அவள் வரைக்கும் சரி. பார்சலை நான் பிரித்துப் பார்த்திருப்பேன் என்றுதான் அவள் நினைத்தாள். பிரிக்காமல் கோபித்துக்கொள்கிற மனிதர்கள் இருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் பிரிக்கவில்லை என்று சொன்னேன். "ஆகாதாம்" என்று சேர்த்ததையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீங்க சொன்னீங்க, சரி. அவர் என்கிட்ட, ஏன் திருப்பிக் கொடுத்தேன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாமே அத்தை?" என்றாள். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. எழுந்து மோர் டம்ளரை வைக்கப் போன நான் மேஜையின் விளிம்பு தெரியாமல் டம்ளரைக் கீழே விட்டேன். அவள் துடைத்துவிட்டு நிமிர்ந்து, "அத்தை, எத்தனை நாளா கண்ணு தெரியலை?" என்றாள். உன் அப்பாவுக்குத் தெரியாதது, உனக்குத் தெரியாதது, அவள் பார்த்த உடனே கேட்டாள். பார்த்தாயா, கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மழுப்பினேன். அவள் விடவில்லை. அங்கேயே போனை எடுத்து, குரோம்பேட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கிவிட்டாள்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. என்னை நம்பியதால் நீ அவளைத் திட்டினாய். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்த்தவளும் நான்தான். ஆனால் உனக்கு இருபத்தொன்பது வயது. இனிமேல் என் வார்த்தையாக இருந்தாலும் சம்பந்தப்பட்ட ஆளிடம் கேட்டுச் சரி பார்த்த பிறகு நம்பு. அவளிடம் மன்னிப்புக் கேட்கும்போது "அம்மா சொன்னாங்க, அதான்" என்று என்னை முன்னால் நிறுத்தாதே. அது உண்மைதான், ஆனாலும் சொல்லாதே. என் பங்கை நான் சொல்லியாயிற்று. உன் பங்கு, கேட்காமல் விட்டது. அதை மட்டும் சொல். அவள் உடனே சிரித்துவிடுவாள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அவள் மனதில் இருப்பது எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசி இவ்வளவு கெடுத்தது போதும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. பியூலா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னுடன் வருகிறாள். நீயும் வா. கண்ணில் மருந்து விட்டு, வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களாம். இரண்டு மணி நேரத்துக்கு எனக்கு எதிரே யார் நிற்கிறார்கள், யார் அழுகிறார்கள், யார் கையை யார் பிடிக்கிறார்கள், ஒன்றும் தெரியாது என்று அவளே விசாரித்துச் சொன்னாள். காதில் மருந்து விட மாட்டார்கள். அதனால் கொஞ்சம் தள்ளி நின்று பேசுங்கள்.

அம்மா